குழாய்த் தண்ணீரிலிருந்து குப்பைமேடு வரை: சுற்றாடல் பொறியியலும் எங்கள் பிள்ளைகளும்

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, உயர்தர வகுப்பு மாணவியருக்கும் பெற்றோருக்குமாக நடைபெற்ற துறை வழிகாட்டல் அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சுற்றாடல் பொறியியல் என்ற படிப்பைப் பற்றியும், அதைப் படித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேசும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். வைத்தியம், சட்டம், கணக்கியல் என்றால் விளக்கம் தேவையில்லை. இந்தத் துறையின் பெயரைச் சொன்னால் மட்டும், "அது மரம் நடுகிற வேலையா, பிள்ளை?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரம் நடுவது நல்ல காரியம். ஆனால் இந்தப் படிப்பு வேறு. மனிதர் வாழும் இடத்துக்குள் வருகின்ற நீரையும் காற்றையும் பாதுகாப்பானவையாக ஆக்குவதும், அங்கிருந்து வெளியேறுகின்ற கழிவுநீர், குப்பை, புகை, மழைவெள்ளம் ஆகியவற்றால் எவருக்கும் தீங்கு வராமல் பார்ப்பதுமே இதன் வேலை. முன்னைய காலத்தில் இதற்குச் சுகாதாரப் பொறியியல் என்றே பெயர். 1858 இல் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் இலண்டன் மாநகரம் பெரும் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்களை அமைக்கத் தீர்மானித்ததே, அந்த வேலையிலிருந்து வளர்ந்த துறை இது.

இலண்டன் வரை போகத் தேவையில்லை. இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய இடங்களில் இருந்து வந்தவர்கள். எங்கள் மூன்று ஊர்களும் இந்தப் பாடத்தின் மூன்று அத்தியாயங்கள் என்றே சொல்லலாம்.

காலையில் குழாயைத் திறக்கிறோம். அந்தத் தண்ணீர் லபுகம, கலட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்து வரலாம். அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். கங்கை நீர் சேறும் கிருமியும் கலந்தது. அதற்குள் படிகாரம் இட்டு, நுண்ணிய துகள்களை ஒன்றுசேர வைத்து, அடியில் படியவிட்டு, மணலால் வடித்து, குளோரீன் சேர்த்த பின்னரே அனுப்புகிறார்கள். மழை பெய்த மறுநாள் கங்கை வேறு, வரட்சிக்காலக் கங்கை வேறு. ஆகவே எவ்வளவு படிகாரம் தேவை என்பதைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறு முகவைகளில் ஒரே தண்ணீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் இட்டுக் கலக்கி, எது தெளிகிறது என்று பார்க்கின்ற அந்தப் பரிசோதனை, உங்கள் இரசாயனவியல் ஆய்வுகூடத்திலேயே செய்யக்கூடியது. வரட்சி கடுமையானால் கடல்நீர் ஆற்றுவழியே உள்ளேறி அம்பத்தளையை எட்டப் பார்க்கும். அதைத் தடுக்க ஆற்றின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கிய காலங்களும் உண்டு.

பாவித்த தண்ணீர் எங்கே போகிறது? கொழும்பின் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய் அமைப்பு 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. இன்றைய மாடி வீடுகளின் தொகையை அன்று எவரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. அந்தக் கழிவுநீர் வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலடிக் குழாய்கள் வழியே கடலுக்குள் விடப்படுகிறது. வெள்ளவத்தையில் புதிய அடுக்குமாடி ஒன்று எழும்போது நாங்கள் சதுர அடியின் விலையைக் கேட்கிறோம். அதன் கழிவுநீரை அந்தப் பழைய குழாய் தாங்குமா என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டு விடையைக் கணக்கிடுபவர் சுற்றாடல் பொறியியலாளர்.

மழைநீர் எங்கே போகிறது என்பது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். 2016 மே மாத வெள்ளத்தில் அந்தப் பகுதி நாட்கணக்காகத் தண்ணீருக்குள் கிடந்தது. கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் வெறும் பற்றைக்காடுகள் அல்ல. மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுகின்ற பாத்திரங்கள். 2018 இல் றாம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக 18 நகரங்கள் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்டபோது கொழும்பும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. அதே சதுப்பை நிரப்பிக் கட்டடம் கட்டினால் அந்தத் தண்ணீர் யாருடைய வீட்டுக்குள் புகும் என்பதும் கணக்கிடக்கூடிய விடயந்தான்.

இனிக் குப்பைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் தெமட்டகொடையில் இந்தத் துறையைப் பற்றி எவராலும் பேச முடியாது.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் புளூமெண்டல் குப்பைமேட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அது மூடப்பட்டபின், 2009 ஆம் ஆண்டளவில், கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. எங்கள் பாடசாலையிலிருந்து எட்டிய தூரம். தற்காலிகமாக என்று தொடங்கியது வருடக்கணக்காகத் தொடர்ந்தது. நாளாந்தம் ஏறத்தாழ 800 தொன் குப்பை கொட்டப்பட்டு, மேடு பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரத்தை எட்டியது. அயலில் இருந்த மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரை வருடப்பிறப்பு அன்று பிற்பகல், அந்த மேடு சரிந்தது. 32 பேர் உயிரிழந்தார்கள். வீடுகள் புதையுண்டன. பண்டிகைக்காக வீட்டில் கூடியிருந்த குடும்பங்கள் அவை.

அன்று அதைப் பலர் இயற்கை அனர்த்தம் என்றார்கள். தங்கைமாரே, நீங்கள் இந்தப் படிப்பைப் படித்தால் அந்தச் சொல்லை அவ்வளவு இலகுவில் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். கொழும்பின் குப்பையில் பாதிக்கு மேல் உணவுக் கழிவு போன்ற ஈரமான, உக்கும் பொருள். அதன்மேல் மழை பெய்கிறது. உள்ளே நீர் தேங்கி, துணிக்கைகளுக்கு இடையே அமுக்கம் ஏறுகிறது. அமுக்கம் ஏற ஏற ஒன்றையொன்று பிடித்திருக்கும் வலிமை குறைகிறது. அடியில் இருப்பதோ சதுப்பு நிலம். மேலே பாரம் கூடிக்கொண்டே போகிறது. தாங்கி நிற்கும் விசையை, தள்ளி வீழ்த்தப் பார்க்கும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. அது ஒன்றுக்குக் கீழே போனால் சரிவு நிற்காது. இது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருட மாணவி செய்யக்கூடிய கணக்கு. அந்தக் கணக்கைச் செய்து, "இனி ஒரு லொறி குப்பைகூட இங்கே கொட்டக்கூடாது" என்று எழுதிக் கையொப்பமிட்டு, அந்தக் கையொப்பத்தை மற்றவர்கள் மதிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். இன்று நான் உங்களிடம் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். சுற்றாடல் மீது அன்பு எல்லோருக்கும் உண்டு. அந்த அன்பை அளந்து, கணக்கிட்டு, தன் பெயரை எழுதிப் பொறுப்பேற்கின்ற தொழிலாக மாற்றிக்கொள்வதே இந்தப் படிப்பு.

முறையான கழிவு நிரப்பு நிலம் எப்படி இருக்கும்? அடியில் நீர் புகாத தடித்த விரிப்பு. அதன்மேல் குப்பையிலிருந்து வடிகின்ற கறுப்புநீரைச் சேர்த்தெடுக்கும் குழாய்கள். அந்த நீரைச் சுத்திகரிக்க ஒரு நிலையம். மெதேன் வாயு வெளியேற வழி. நாள் முடிவில் குப்பையை மூடும் மண். பக்கச்சரிவுக்கு ஓர் எல்லை. மீதொட்டமுல்லைக்குப் பின்னர் சில மாற்றங்கள் நடந்தன. 2021 இல் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. புத்தளம் அருவக்காலுவில் நிரப்பு நிலம் அமைத்து, கொழும்புக் குப்பையைப் புகையிரதத்தில் அங்கு கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். "கொழும்பின் குப்பைக்கு நாங்களா இடம்?" என்று புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அந்தக் கேள்விக்கும் பொறியியலாளர் பதில் சொல்ல வேண்டும். ஓரிடத்துத் துன்பத்தைத் தூக்கி இன்னோரிடத்தில் இறக்கி வைத்தால் வேலை முடிந்ததாகிவிடாது. வீட்டிலேயே உக்கும் குப்பையைப் பிரித்தெடுக்கப் பழகினால் கொண்டுபோக வேண்டிய தொகையே பாதியாகக் குறையும்.

இனிப் படிப்புக்கான வழியைச் சொல்கிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படிப்பவர்களுக்கு வழி நேரானது. மொறட்டுவை, பேராதனை, றுகுணை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்களில் பொறியியல் பீடங்கள் உண்டு. நான்கு வருடப் படிப்பு. எங்கள் நாட்டில் சுற்றாடல் பொறியியல் பெரும்பாலும் குடிசார் பொறியியலின் உள்ளே ஒரு சிறப்புப் பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. றுகுணையில் அந்தத் துறையின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்திருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. இரசாயனப் பொறியியல் படித்து இந்தத் துறைக்கு வந்தவர்களும் பலர். முதலிரு வருடங்களில் கணிதம், பாய்ம இயக்கவியல், மண் பொறியியல்; பின்னர் நீர்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, திண்மக் கழிவு, வளி மாசு, நீரியல், சுற்றாடல் சட்டம் என்று போகும்.

இசட் புள்ளி போதவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று அழ வேண்டாம். நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவகத்தில் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா உண்டு. உயர் தேசிய பொறியியல் டிப்ளோமாவும் உண்டு. தொழினுட்பப் பிரிவில் படிப்பவர்களுக்குப் பொறியியல் தொழினுட்பப் பட்டம் இருக்கிறது. உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் சுற்றாடல் விஞ்ஞானம் படித்து ஆய்வுகூடப் பக்கமாக இதே வேலைக்கு வரலாம். ஒரு தங்கை நேர்வழியில் ஏறுவாள், இன்னொருத்தி ஏணிப்படி ஏணிப்படியாக ஏறுவாள். நீர் வழங்கல் நிலையத்தில் இருவரும் ஒரே மேசையில் அமர்வார்கள்.

தமிழ் மொழிமூலம் படித்தவர்களின் பயம் எனக்குத் தெரியும். பொறியியல் பீடங்களில் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். முதலாவது அரையாண்டு கடினமாகவே இருக்கும். விடயம் விளங்கியவளுக்கு மொழி பின்னால் வந்துசேரும். ஆனாலும் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலுள்ள நீண்ட காலத்தை வீணாக்காமல் ஆங்கிலத்துக்குச் செலவிடுங்கள். அதோடு சிங்களத்தையும் கைவிட வேண்டாம். களத்தில் வேலையாட்களோடும் அயலாரோடும் பேசுகின்ற பொறியியலாளருக்கு மூன்று மொழியும் பெரிய பலம்.

வேலைவாய்ப்புகள் என்ன என்று பெற்றோர் கேட்பீர்கள். முதலாவது, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. நாடு முழுவதும் குடிநீர்த் திட்டங்கள் அதன் பொறுப்பில். 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி மக்களுக்காக அமைக்கப்பட்டது. இரண்டாவது, மத்திய சுற்றாடல் அதிகாரசபை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1981 இல் தொடங்கப்பட்டது. ஒரு தொழிற்சாலை தன் கழிவுநீரை ஆற்றில் விட வேண்டுமானால் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த நீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது போன்ற வரையறைகள் உண்டு. இவற்றைச் சரிபார்ப்பவர்கள் தேவை. மூன்றாவது, மாநகர சபைகளும் பிரதேச சபைகளும். நான்காவது, கால்வாய்களையும் சதுப்பு நிலங்களையும் பார்க்கும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம்.

தனியார் துறையில் இடம் இன்னும் அதிகம். சாயமிடும் ஆடைத் தொழிற்சாலை, இறப்பர், பால், குளிர்பானம், பெரிய ஹோட்டல்கள், வைத்தியசாலைகள் எல்லாவற்றுக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். வெளிநாட்டுக் கொள்வனவாளர் இன்று துணியின் தரத்தோடு, சாய நீர் எங்கே போகிறது என்றும் கேட்கிறார். பெரிய திட்டங்களுக்கு முன் செய்யவேண்டிய சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. கடல் பக்கமும் வேலை உண்டு. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 1,486 கொள்கலன்களோடு கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது, கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதை நீங்கள் பார்த்தீர்கள். அவற்றை எப்படிச் சேர்ப்பது, எங்கே வைப்பது, நீரில் என்ன கலந்தது என்பதெல்லாம் இந்தத் துறைக்கு உரிய கேள்விகளே.

நீதிமன்றத்திலும் இந்த அறிவுக்கு இடம் உண்டு. சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உங்களில் பலருக்குச் சொந்த ஊர்க் கதை. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் நிலத்தடி நீரே உயிர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. கிணற்று நீரின் மாதிரியை முறைப்படி எடுத்து, முறைப்படி அளந்த அறிக்கைகள் இல்லாமல் இப்படிப்பட்ட வழக்கு நிற்காது. ஒரு போத்தலில் தண்ணீர் எடுப்பது சின்ன வேலை என்று நினைக்கக்கூடாது.

வெளிநாடு போக விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014 இல் இலங்கை வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அதனால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகரித்த பட்டங்கள் அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளிலும் மதிக்கப்படுகின்றன. மேற்படிப்புக்குப் பாங்கொக்கின் ஆசியத் தொழில்நுட்ப நிறுவகமும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரும் எங்கள் நாட்டவருக்குப் பழகிய இடங்கள்.

பெண்பிள்ளைக்கு இது சரிவருமா என்பது கடைசிக் கேள்வி. பல வீடுகளில் அதுதான் முதற் கேள்வி. இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண். கொழும்பு லேடீஸ் கொலிஜில் படித்த பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை, 1960களின் முற்பகுதியில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றார். பின்னர் ஒக்ஸ்போர்டில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அமெரிக்காவில் எம்.ஐ.ரி. நிறுவனத்தின் முதல் மாணவி எலன் சுவாலோ ரிச்சட்ஸ், 1873 இல் பட்டம் பெற்று, பின்னர் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நீர்நிலைகளை ஆயிரக்கணக்கான மாதிரிகள் வழியே ஆராய்ந்தவர். நீரின் தரத்தை அளந்து பார்த்துச் சொல்லும் இந்தத் துறையின் தொடக்கத்திலேயே ஒரு பெண் நின்றிருக்கிறார்.

இதனால் கஷ்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. களவேலைக்கு விடியமுன் புறப்பட வேண்டிவரும். பெண்களுக்கான கழிவறை இல்லாத கட்டுமானத் தளங்கள் இன்றும் இருக்கின்றன. கழிவறை அமைப்பைத் திட்டமிடும் பொறியியலாளருக்கே அது இல்லாதிருப்பதைப் பார்த்து நாங்கள் சிரித்ததும் உண்டு, சண்டை போட்டு வாங்கியதும் உண்டு. அரச நியமனங்கள் தாமதமாகலாம். தொடக்கச் சம்பளம் கணினித் துறைக்குப் போன சிநேகிதியின் சம்பளத்தை எட்டாமல் இருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பாரமானது இன்னொன்று. முடிவு பிழைக்கவில்லை என்று எழுதித் தரும்படி சிலர் மெதுவாகக் கேட்பார்கள். அப்போது, எண் என்ன சொல்கிறதோ அதைத்தான் எழுதுவேன் என்று நிற்க வேண்டும். அதற்கான முதுகெலும்பைப் பல்கலைக்கழகம் தருவதில்லை. அதைத் தருவது வீடும் இந்தப் பாடசாலையுந்தான்.

இந்த உரை மலரில் அச்சாகும் என்று சொன்னார்கள். ஆகவே தூரதேசங்களில் இருந்து இதை வாசிக்கும் பழைய மாணவியருக்கும் மூன்று வேண்டுகோள்கள். இரண்டாம் வருடம் படிக்கும் உயர்தரப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது அம்பத்தளை போன்ற நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துச் செல்லச் சங்கம் ஒழுங்கு செய்யட்டும். பஸ் செலவு பெரிய தொகை அல்ல. பரீட்சை முடிந்த பிள்ளைகளோடு வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்தில் உரையாட, ரொறன்ரோவில் இருந்தாலும் மெல்பேணில் இருந்தாலும், தொலைபேசி வழியே உங்களால் முடியும். மூன்றாவது, இந்தத் துறையில் அல்லது இதன் அயல்துறையில் இருப்பவர்கள் உங்கள் பெயரைச் சங்கச் செயலாளரிடம் பதியுங்கள். ஒரு பிள்ளை கேட்கும்போது, பேசுவதற்கு ஓர் அக்கா இருக்கிறார் என்று சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

தங்கைமாரே, இங்கிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் தெமட்டகொடைக் கால்வாய்ப் பாலத்தைக் கடப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இதற்குள் என்ன இருக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று உங்களையே கேளுங்கள். விடை தெரிய வேண்டும் என்ற ஆசை உங்களில் ஒருவருக்கு வந்தாலும் போதும். அந்த ஒருவர் என்னிடம் வரலாம்; படிவம் நிரப்புவதிலிருந்து முதல் நேர்முகப் பரீட்சைவரை நான் கூட நிற்பேன்.